தொலைந்துபோன மூன்று சிரிப்பு முகங்கள்

என் மகளே, ஆத்தா,

பேரரசர்கள் செப்பேட்டில் எழுதினார்கள். உன் சித்தப்பன், போடிநாயக்கனூர் ஜீப்பு ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஏலக்காய் மூட்டையில் கட்டும் அட்டைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறான். இந்தக் கடிதத்தை இதற்கு முன் ஒன்பது தடவை தொடங்கிவிட்டேன். ஒன்பதையும் டீக்கடை அடுப்பு தின்றுவிட்டது. அவற்றிலெல்லாம் நான் ரொம்ப நல்லவனாக இருந்தேன், அதனால்தான். எதிரே மலை. விடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் பனி இறங்கி, போடிமெட்டுக்கு ஏறுகிற பதினேழு வளைவுகளில் ஐந்தாவதுக்கு மேல் எதையும் காணோம். ஜீப்புகள் வரிசையாக நிற்கின்றன. வழக்கமாக இந்நேரம் கிளம்பியிருக்கும். இன்று யாரும் முதலில் கிளம்ப விரும்பவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன். இது உனக்கான கடிதம்தான், ஆனால் உனக்கு மட்டும் கொடுத்தால் நீ அழுதுவிட்டு மடித்து வைத்துவிடுவாய் என்று பயம். அதனால் நம் ஏலக்காய் வாட்ஸ்அப் குழுவிலும், அதிலுள்ள இருநூற்றுச் சொச்சம் பேர் முன்னால், இதே சீட்டுகளைப் படம் எடுத்துப் போடப் போகிறேன்.

குழுவில் படிக்கிற மகாசனங்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: இவள் என் அண்ணன் மகள். அண்ணனும் மதினியும் ஒரே வருஷத்தில் போன பிறகு, ஐந்து வயதில் என் வீட்டுக்கு வந்தவள். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் ‘பாதுகாவலர்’ என்ற கட்டத்தில் என் பெயரை எழுதச் சொன்னார்கள். நான் அதற்கு முன்னால் ‘பாண்டிய மண்டல’ என்று சேர்த்து எழுதிக்கொண்டிருந்தேன். நீ பேனாவைப் பிடுங்கிவிட்டாய். அன்றிலிருந்து இன்றுவரை நீ பிடுங்குகிறவளாகவும் நான் சேர்க்கிறவனாகவும்தான் இருந்து வந்திருக்கிறோம். நான் தும்மினால் குரங்கணியில் காப்பிப்பூ உதிரும் என்பேன். நீ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ‘உதிரல’ என்பாய்.

ஏழு வயதில் நீ செய்த காரியம் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். மதுரையிலிருந்து ஒரு வியாபாரி வீட்டுக்கு வந்திருந்தார். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “நம்ம காய் ஒவ்வொண்ணும் எலுமிச்சம்பழம் தண்டி இருக்கும்ணே, சாக்குல அள்ளுனா சாக்கு முனங்கும்” என்று அளந்துகொண்டிருந்தேன். நீ உள்ளே போனாய். ஒரு தட்டில் ஒரே ஒரு ஏலக்காயை வைத்துக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் வைத்தாய். “சித்தப்பா, இதுல எலுமிச்சம்பழம் எங்கருக்கு?” அந்த மனிதர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் கேட்டார். நானும் சிரித்தேன். ஆனால் ஒரு சின்னத் தட்டில் ஒரு காயை வைத்து ஒருவனுடைய வாயை அளந்துவிட முடியும் என்று அன்றைக்குக் கண்டுகொண்டது நீ. நீ இப்போது பார்க்கும் வேலையின் முதல் நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

சென்னையில், பிரபலங்கள் பேச்சைச் சரிபார்க்கும் அந்த வேலை உனக்குக் கிடைத்தபோது நான் ஊருக்கே சொன்னேன்: “எம் மக இனிமே மந்திரி, நடிகன், சாமியாரு எல்லாத்தையும் ஒரு சல்லடையில போட்டுச் சலிக்கப் போறா.” பொய்யில்லை, கொஞ்சம்தான் கூடுதல். பொங்கலுக்கு வந்தபோது உன் வேலைத் தாளை விரித்துக் காட்டினாய். பெயர் பெற்ற மனிதர்கள் இணையத்தில் சொன்னது ஒவ்வொன்றும் ஒரு வரிசை. அதற்கு எதிரே கட்டங்கள். சொன்னது உண்மையா, அதனால் யாருக்காவது நன்மையா, சொன்ன நோக்கம் என்ன, சொல்ல அது நேரமா, சொன்ன விதத்தில் கனிவு இருந்ததா. நான் அதைப் பார்த்துவிட்டு, “இத வச்சு நம்ம வீட்டுக் கல்யாணத்த அளந்தா, பந்தியில ஒருத்தனும் வாயத் தொறக்க முடியாதே ஆத்தா, எல்லாரும் சாம்பார மட்டும்தான் சத்தமாக் குடிக்க முடியும்” என்றேன். நீ சிரித்தாய். அப்புறம் சொன்னாய்: “வீட்டுல பேசுறது வேற சித்தப்பா. ஆயிரம் பேரு கேக்குறவன் பேசுறது வேற.” நான் தலையாட்டினேன். என் சட்டைப் பையில் செல்போன் இருந்தது. அதற்குள் ஒரு வீடியோ இருந்தது. அது மூன்று வருஷமாக அங்கேதான் இருக்கிறது.

புதன்கிழமை நீ அறிக்கையை எனக்கு அனுப்பினாய். கூடவே குரல் செய்தி: “சித்தப்பா, பதினாலாவது வரிசைல மொழிபெயர்ப்பு சரியான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. நீங்கதான் மலையாளத்துல புலியாச்சே. திங்கக்கெழம வெளிவருது, வெரசா சொல்லுங்க.” நான், “பாக்குறேன் ஆத்தா” என்று மட்டும் பதில் போட்டேன். பக்கம் பக்கமாகப் பேசுகிறவன் இரண்டே சொல்லில் முடித்தபோது உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இன்று சனிக்கிழமை. பார்த்துவிட்டேன்.

பதினாலாவது வரிசையில் இருப்பவர் மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரளத் தோட்டக்காரர் சங்கத்தின் தலைவர். அவர் சொன்னதாக நீ எழுதியிருப்பது: ‘தமிழ்த் தொழிலாளிகளும் வரட்டும். இந்தத் தடவை எல்லோரும் கூடி அடித்துப் பிளப்போம்.’ அதற்கு எதிரே, நன்மை இல்லை, கனிவு இல்லை, நோக்கம் மிரட்டல், நேரம் அறுவடைக் காலம் என்பதால் ஆபத்து கூடுதல். மூலப் பதிவைப் பற்றிய குறிப்பில், ‘மறுநாளே நீக்கப்பட்டது’ என்று எழுதி, அதையும் அவருக்கு எதிராகவே வைத்திருக்கிறாய். பதினைந்தாவது வரிசையில் நம் ஊர்ப் பிரமுகர். மைக்கைக் கண்டால் கட்டிப்பிடித்துக்கொள்வார் என்பதால் நாம் மைக் அண்ணன் என்று கூப்பிடுவோமே, அவர். அவருடைய வீடியோவுக்கு, ‘மேற்கோள் சரியானது, நோக்கம் தொழிலாளர் பாதுகாப்பு’ என்று போட்டிருக்கிறாய். இரண்டு வரிசையையும் தலைகீழாகத் தொங்கவிட்டது நீ இல்லை. நான்.

நம் ஊரில் காட்டில் காய்ப்பதும் ஏலம், அதைக் கூவி விற்பதும் ஏலம். பெயர் வைத்தவனுக்குச் சொல் பஞ்சம் என்று நான் கிண்டல் செய்வேன். ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிற ஊரில் பிறந்தவனுக்கு, மலைக்கு அந்தப் பக்கத்துச் சொற்கள் என்னென்ன வேலை பார்க்கும் என்று தெரியாமலா இருக்கும்? அந்த மனிதர் ஓணத்துக்கு முன்னால் தன் தோட்டத்தில் நின்றுகொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிரித்தபடி சொன்னது இதுதான்: “தமிழ் தொழிலாளிகளும் வரட்டெ. இத்தவண நமுக்கு எல்லாவர்க்கும் கூடி அடிச்சு பொளிக்காம்.” மலையாளத்தில் ‘அடிச்சு பொளிக்காம்’ என்றால் கூத்தும் கும்மாளமுமாகக் கொண்டாடலாம் என்று அர்த்தம். விருந்துக்குக் கூப்பிடுகிற சொல். பதினெட்டு வயதில் மேலே சாந்தன்பாறைப் பக்கம் வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே நான் கற்றுக்கொண்ட சொல். நான் அதை ஒவ்வொரு சொல்லாகத் தமிழுக்கு இறக்கினேன். அடிச்சு என்றால் அடித்து, பொளிக்காம் என்றால் பிளப்போம். எதையும் கூட்டவில்லை, எதையும் விடவில்லை. என் வாழ்நாளில் மிகைப்படுத்தாமல் நான் எழுதிய ஒரே வாக்கியம் அதுதான் ஆத்தா. அதுதான் நான் சொன்ன மிகப் பெரிய பொய்.

ஊர் இதைப் புரியாமல் செய்த பிழை என்றுகூட நினைக்கவில்லை, சரியான மொழிபெயர்ப்பு என்றே நினைக்கிறது. பின்னால் சந்தேகப்பட்ட ஓரிருவரும், “பாவம், அண்ணனுக்குச் சரியா வெளங்கல போல” என்று எனக்காகவே பேசினார்கள். எனக்கு விளங்கியது. விளங்கித்தான் எழுதினேன்.

ஏன் என்று கேட்பாய். அந்தக் காரணத்தைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு சின்னது. அதற்கு முந்தைய மாதம் ஏலக் கூடத்தில் என் காயின் சாம்பிள் ஒரு தட்டில் சுற்றி வந்தது. பார்வைக்குக் கிளிப்பச்சை. அந்தத் தலைவர் ஒன்றை எடுத்து நகத்தால் கீறித் திறந்தார். உள்ளே அரிசி, அதாவது விதை, கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தது. “மூத்திட்டில்ல” என்றார், முற்றவில்லை என்று. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மழை வருகிறது என்பதைப்போலச் சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்தினார். பக்கத்தில் இருந்த ஒருவன், “காயைச் சொல்றீகளா, ஆளைச் சொல்றீகளா?” என்றான். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. அந்தச் சிரிப்பு ஒரு மாதம் என் தொண்டையிலேயே கிடந்தது. அவருடைய ஓண வீடியோ கைக்கு வந்தபோது, டீ ஆறுவதற்குள் எழுதி, அவருடைய படத்தோடு குழுவில் போட்டுவிட்டேன். கடைசியில் மூன்று சிரிப்பு முகங்கள் வைத்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் அந்த மஞ்சள் முகங்களை. அந்த மூன்றும்தான் என் சாட்சி என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். விளையாட்டு என்று போட்டிருந்தேனே, பார்க்கவில்லையா என்று.

யாரும் பார்க்கவில்லை. நான் அனுப்பி முக்கால் மணி நேரத்தில் அதே செய்தி வேறு இரண்டு குழுக்கள் வழியாக எனக்கே திரும்பி வந்தது. படம் இருந்தது, வாக்கியம் இருந்தது, முகங்கள் மட்டும் இல்லை. யாரோ வழியில் அவற்றைக் கிள்ளிப் போட்டிருந்தார்கள், காம்பு கிள்ளுகிறமாதிரி. அப்போதே ஒரு வரி எழுதியிருக்கலாம். என் செல்போன் மூச்சு விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. “அண்ணே, நெசமா?” “அண்ணே, நீங்க சொல்லித்தான் தெரியும்.” என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் ‘நெசமா’ என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. எலுமிச்சம்பழம் என்று சொன்னால் தட்டைக் கொண்டுவந்து வைக்கிற வீட்டில் இருந்தவன் நான். அன்று ஒருவரும் தட்டைக் கொண்டுவரவில்லை.

ஒருவன் கொண்டுவந்தான். ஜீப்பு ஓட்டுகிற சுருளி. அன்று சாயந்தரம் இதே பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அண்ணே, அந்த மனுசன் அப்படிப் பேசுற ஆளில்லையே. போன ஓணத்துக்கு அவரு கையால எனக்குப் பாயசம் ஊத்துனாருண்ணே.”

“பாயசம் ஊத்துனவன்தான்டா பாயப் போறான்.”

கடையே சிரித்தது. சுருளியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். நம்பாத ஒருவனை என் சிலேடை ஒன்று நம்ப வைத்தது. மறுநாள் காலையில் மைக் அண்ணன் என் வாக்கியத்தை வீடியோவில் வாசித்தார், ‘மலையேறும் நம் தாய்மார்களைப் பிளப்பார்களாம்’ என்று குரல் நடுங்க. அடுத்த வாரம், விழிப்பூட்டியதற்காக எனக்கு ஒரு சரிகைச் சால்வை போர்த்தினார். நம் வீட்டு அலமாரியில் நீ பார்த்திருப்பாய். ‘எதுக்கு சித்தப்பா குடுத்தாங்க?’ என்று கேட்டபோது, ‘என் அழகுக்கு’ என்றேன்.

அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். மைக் அண்ணன் பேசிய அன்றே ஜீப்புகள் மேலே போயின. போகாவிட்டால் அடுப்பு எரியாது, போனார்கள். சுருளியின் ஜீப்பில் பதினோரு பெண்கள். ராசிங்காபுரத்துப் பேச்சியம்மாள் ஓரத்தில், வெளியே கையைக் கொடுத்துக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பனி. மெட்டுக்குக் கொஞ்சம் முன்னால், பனிக்குள்ளிருந்து ஏழெட்டு ஆண்கள் ஓடி வருகிறார்கள், கையில் நீளக் கம்புகள், ஜீப்பைப் பார்த்துக் கம்புகளைத் தூக்கி ஆட்டிக் கூவுகிறார்கள். ஓணத்துக்கு உறியடிக்கக் கொண்டுபோன கம்புகள் அவை. வாங்க வாங்க என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஜீப்புக்குள் ஒருத்தி, “பிளக்க வர்றானுக!” என்று அலறினாள். என் சொல் அது. அந்த மலையில் அதற்கு முன் யாரும் அந்தச் சொல்லை அப்படிக் கத்தியதில்லை. சுருளி பின்னால் எடுத்தான், திருப்பினான், வளைவுச் சுவரில் ஜீப்பின் பக்கம் உரசி நின்றது. கம்பியைப் பிடித்திருந்த கை சுவருக்கும் ஜீப்புக்கும் நடுவில் இருந்தது.

வலது கையில் மூன்று விரல்கள் போயின. செடியின் தூரில் குத்தவைத்து உட்கார்ந்து, பிஞ்சை விட்டு முற்றிய காயை மட்டும் பார்க்காமலேயே தடவிப் பறிக்கிற கை அது. அவளைத் தூக்கி, தங்கள் வண்டியில் போட்டுக் கீழே கொண்டுவந்தது அந்தக் கம்புக்காரர்கள்தான். அதை யாரும் எந்தக் குழுவிலும் போடவில்லை. நானும் போடவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பேச்சியம்மாள் நம் வீட்டுக்கு வந்தாள். நீ அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாய். கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். என்னைத் திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அதற்காக ஏங்கினேன் என்றுகூடச் சொல்வேன்.

“நீங்க முந்தியே சொல்லிப்புட்டீகளாமே சாமி. எனக்குப் படிக்கத் தெரியாது, போனும் கெடையாது, கேட்டவளுகளும் சொல்லல. ஒங்க பேச்சக் கேட்டு அன்னைக்கு நின்னுருந்தா கை இருந்திருக்கும்.”

ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனாள். இடது கையால் வைத்தாள், அது மரியாதைக் குறைவு என்று மன்னிப்பும் கேட்டாள். மகளே, உன் சித்தப்பன் பெருந்தீனிக்காரன், பந்தியில் இலையையும் தின்பான் என்று சொல்வார்கள். அந்தப் பழங்கள் கறுத்து, ஈ மொய்த்து, நானே தூக்கிப் புதைக்கிற வரைக்கும் ஒன்றைக்கூட உரிக்க முடியவில்லை.

அந்தத் தலைவர் விபத்து நடந்த அன்றே பயந்துபோய் வீடியோவை எடுத்துவிட்டார். எடுத்ததே குற்றத்துக்குச் சாட்சி என்று ஊர் முடிவு செய்தது. அப்புறம் ஒரே ஒரு தடவை எனக்குப் போன் செய்தார். “ஞான் அங்ஙனெ அல்லல்லோ பறஞ்ஞது. தனிக்கு அறியாமல்லோ” என்றார். நான் அப்படிச் சொல்லவில்லையே, உனக்குத் தெரியுமல்லவா என்று. மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதைச் சரிபார்த்துக்கொள்கிற குரல். நான், “ஹலோ, ஹலோ, சிக்னல் இல்ல” என்று வைத்துவிட்டேன். நடுக் கடைவீதியில், செல்போன் கோபுரத்துக்குக் கீழே நின்றுகொண்டு. அதற்குப் பிறகு ஏலக் கூடத்தில் அவர் என் காயைத் திறந்து பார்ப்பதே இல்லை. தட்டை அப்படியே அடுத்தவருக்கு நகர்த்திவிடுவார்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதியை நான் அந்தச் சுவரிலேயே விட்டுவிட்டேன். ஆனாலும் திருடனுக்குத்தான் பூட்டைப் பற்றி நாலு விஷயம் தெரியும், அந்த முறையில் கேட்டுக்கொள். உன் தாளில் உண்மையா என்று ஒரு கட்டம் இருக்கிறது. என் வாக்கியத்தை அகராதியோடு வந்த எவனும் அதில் தேற்றிவிடுவான். சொன்னவன் யாரைப் பார்த்துச் சொன்னான், எதற்கு முந்தைய நாள் சொன்னான், சொல்லும்போது அவன் முகம் எப்படி இருந்தது என்று பார்க்காமல் அந்தக் கட்டத்தில் கை வைக்காதே. பதிவை நீக்கினவன் குற்றவாளி என்று எழுதாதே. வீட்டில் நெருப்பு விழுந்தவனும் பாத்திரத்தை அள்ளிக்கொண்டு ஓடத்தான் செய்வான். பிரமுகர் சொன்னதை எடைபோடும்போது, அது அவர் வாயிலிருந்து உன் கைக்கு வருவதற்குள் யார் யார் கை மாறியது என்று பார். நடுவில் என்னைப்போல் ஒருவன், பெயர் இல்லாமல், ஊருக்கு வேண்டிய சிரிப்புக்காரனாக, டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். உன் தாளில் அவனுக்கு வரிசையே கிடையாது. பச்சை நிறத்தைப் பார்த்து எழுதாதே ஆத்தா. கீறித் திற. உள்ளே அரிசி வெளுத்திருந்தால், அதை எவ்வளவு பெரிய மனுஷன் கொடுத்திருந்தாலும், அது உன் சித்தப்பனாகவே இருந்தாலும், தட்டை நகர்த்து.

இனி இன்றைய காலை. அந்தப் படமும் வாக்கியமும் போன வாரத்திலிருந்து மறுபடி சுற்றுகின்றன. அந்தத் தலைவர் ஏதோ தேர்தலில் நிற்கிறாராம். யாரோ பழசைத் தோண்டி எடுத்து, மேலே ‘இந்த வருஷமும்’ என்று சேர்த்திருக்கிறார்கள். நீ எந்தக் குழுவிலிருந்து அதை எடுத்தாயோ தெரியாது. நம் குழுவில் மட்டும் நேற்று பதினான்கு பேர் போட்டார்கள். இன்று மேலே தோட்டத்தில் அரை நாள் வேலை, அப்புறம் ஓண விளையாட்டு. உறியடி உண்டு. அதாவது இன்று காலையும் பனிக்குள்ளே சில பேர் நீளக் கம்புகளோடு ரோட்டில் நடந்துகொண்டிருப்பார்கள்.

சற்று முன் சுருளியிடம் போனேன். அவன் இப்போது அதிகம் பேசுவதில்லை. ஜீப்பின் நடு சீட்டைத் தூக்கிக் காட்டினான். கீழே சாக்கு சுற்றி ஏழு இரும்புக் கம்பிகள்.

“எதுக்குடா இது?”

“ஒரு பாதுகாப்புக்குண்ணே. எல்லா ஜீப்புலயும் இருக்கு. போன தடவ திருப்புனேன், ஒரு பொம்பள கை போச்சு. இந்தத் தடவ திருப்ப மாட்டேன். நேரா விடுவேன்.”

“சுருளி, அந்த ஆளு பாயசம் ஊத்துனாருன்னு நீதானடா சொன்ன.”

“நீங்கதானண்ணே இல்லைன்னு சொன்னீக.”

கேலியாகச் சொல்லவில்லை. என்மேல் உள்ள நம்பிக்கையில் சொன்னான். மூன்று வருஷத்துக்கு முன் இந்தப் பெஞ்சில் நான் விட்ட ஒரு சிரிப்பு, இப்போது சாக்கு சுற்றிய இரும்பாக என் முன்னால் கிடக்கிறது. பனி அப்படியே நிற்கிறது. முதல் ஜீப்பு கிளம்பினால் மற்றவை பின்னாலேயே போகும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். பதினாலாவது வரிசையிலிருந்து அந்த மனிதரை எடுத்துவிடு. அவருடைய மூல வீடியோ என்னிடம் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது, இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அதை எதற்காக இத்தனை நாள் அழிக்காமல் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த வரிசையில் என் பெயரை எழுது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நீ எதைப் போடுவாய் என்று தெரியும், தயங்காதே. குறிப்பில் ‘மொழிபெயர்ப்புப் பிழை’ என்று மட்டும் எழுதாதே. உனக்கு அப்படி எழுதத் தோன்றும், நான் வளர்த்த பிள்ளை நீ. பிழை இல்லை என்று எழுது. சித்தப்பா என்று அழைக்க மனம் வராவிட்டால், கொஞ்ச நாள் பாதுகாவலர் என்று சொல்லிக்கொள். அந்தக் கட்டத்தில் என் பெயர் நீ எழுத விட்டபடிதான் இருக்கிறது.

சுருளி ஹாரன் அடிக்கிறான். அவனிடம் சாவியைப் போடாதே, நானும் வருகிறேன், வண்டி நகரும் முன் ஒன்று சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். “கதையாண்ணே?” என்று கேட்டான். இந்தச் சீட்டுகளைப் படம் எடுத்து, வீடியோவோடு அனுப்பிவிட்டு ஏறப் போகிறேன். கீழே சிரிப்பு முகம் எதுவும் போடவில்லை, தேடாதே. ஜீப்புக்குள் பத்து செல்போன் இருக்கிறது. நான் படியில் கால் வைப்பதற்குள் அவை ஒவ்வொன்றாகச் சத்தம் போடும், ஒவ்வொருவராகக் குனிந்து படிப்பார்கள்.

பேச்சியம்மாளிடம்தான் செல்போன் கிடையாது. அவளுக்கு மட்டும் நான் என் வாயால் சொல்ல வேண்டும். மேலே காய் காயவைக்கிற கூடத்தில் அவளுக்கு இப்போது வேலை. நடு சீட்டில், அந்தக் கம்பிகளுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் துண்டை விரித்து, “இங்குன உக்காருங்க சாமி, ஓரத்துல உக்காந்தா கைய வெளிய நீட்டத் தோணும்” என்கிறாள். இடது கையால் இடத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.